மாமூத் யானைகளைக் கொன்றது மனிதனா, காலநிலையா? ஏரிச் சேறும் கருகிய முட்டை ஓடும் சொல்லும் சாட்சி

அலாஸ்காவுக்கு மேற்கே, பெரிங் கடலின் நடுவே செயின்ட் பால் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது, அங்கே மேய்ந்துகொண்டிருந்த கம்பளி மாமூத் கூட்டம் ஒன்று தீவிலேயே மாட்டிக்கொண்டது. உடம்பெல்லாம் முடி அடர்ந்த இந்த யானை இனம் அலாஸ்கா பெருநிலத்தில் அழிந்துபோன பிறகும், இந்தக் கூட்டம் மட்டும் பல ஆயிரம் ஆண்டுகள் அங்கே தாக்குப்பிடித்தது. சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன்பு அதுவும் முடிந்துபோனது.

யார் கொன்றது? நிச்சயமாக மனிதன் இல்லை. அந்தத் தீவில் மனிதர்கள் கால் வைத்ததற்குப் பதிவு கிடைப்பதே 1787-ல் இருந்துதான்.

2016-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. தீவின் ஏரி ஒன்றின் அடியில் குழாய் இறக்கி, அடுக்கடுக்காகப் படிந்திருந்த சேற்றை விஞ்ஞானிகள் எடுத்தார்கள். மாமூத் டிஎன்ஏ எந்த அடுக்கு வரை கிடைக்கிறது, அந்தக் காலத்தில் ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கடல் உயர்ந்ததால் தீவு சுருங்கியிருக்கிறது. மழை குறைந்து ஏரி வற்றியிருக்கிறது. இன்றைய யானை ஒன்றுக்கே ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். மிச்சமிருந்த ஒன்றிரண்டு குட்டைகளைச் சுற்றியே மாமூத்கள் நெருக்கியடித்து நின்றிருக்கின்றன. கரையில் இருந்த செடிகொடிகள் மிதிபட்டு, மண் சரிந்து, இருந்த தண்ணீரும் கலங்கிக் கெட்டிருக்கிறது. கடைசியில் தாகத்தாலேயே அந்தக் கூட்டம் அழிந்தது.

சரி, அப்போ காலநிலைதான் குற்றவாளி என்று முடித்துவிடலாமா? கொஞ்சம் பொறுங்க. இன்னொரு தீவையும் பார்த்துவிடுவோம்.

நியூசிலாந்தில் மோவா என்ற பறக்காத பறவைகள் ஒன்பது இனம் இருந்தன. மிகப் பெரிய இனத்தில் பெண் பறவை 200 கிலோவைத் தாண்டும். கழுத்தை நிமிர்த்தினால் மூன்றரை மீட்டர் உயரம். இவை பனியுகத்தைப் பார்த்தவை, எரிமலை வெடிப்புகளைப் பார்த்தவை. எல்லாவற்றையும் தாண்டி வந்த மோவாக்களின் எண்ணிக்கை கடைசிக் காலம் வரை குறையவே இல்லை என்கிறது எலும்புகளில் இருந்து எடுத்த மரபணுவை வைத்து 2014-ல் வெளியான ஆய்வு. கி.பி. 1300 வாக்கில் பாலினீசியர்கள், அதாவது இன்றைய மாவோரி மக்களின் முன்னோர், தோணிகளில் வந்து இறங்கினார்கள். அடுத்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் மோவா ஒன்றுகூட மிச்சம் இல்லை. அவர்கள் மண்ணில் குழி தோண்டிச் சமைத்த அடுப்புகளில் மோவா எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. மோவாவைத் தின்று வாழ்ந்த உலகின் மிகப் பெரிய கழுகான ஹாஸ்ட் கழுகும் இரை இல்லாமல் காணாமல் போனது.

ஒரு தீவில் மனிதனே இல்லை, விலங்கு செத்தது. இன்னொன்றில் காலநிலை அமைதியாக இருந்தது, ஆனாலும் விலங்கு செத்தது. இரண்டு தீவிலும் தீர்ப்பு சொல்வது சுலபம். கஷ்டம் எங்கே என்றால் கண்டங்களில். அங்கே மனிதனும் வந்தான், காலநிலையும் மாறியது, அதுவும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்.

எவ்வளவு அழிந்தது?

சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 10,000 ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான காலத்தில், உலகின் பெரிய விலங்குகளில் பெரும்பகுதி மறைந்தது. யானை அளவுக்கு வளர்ந்த ராட்சத ஸ்லாத். வாள் போன்ற கோரைப்பல் கொண்ட ஸ்மைலோடான் பூனை. கார் அளவு ஓடு சுமந்த கிளிப்டோடான். ஆஸ்திரேலியாவில் காண்டாமிருகம் அளவுக்கு இருந்த டிப்ரோடோடான். ஆச்சரியம் என்னவென்றால், குதிரையும் ஒட்டகமும் தோன்றிய இடமே வட அமெரிக்காதான். அங்கேயே அவை அழிந்தன. குதிரையை மறுபடி அங்கே கொண்டுபோனது ஸ்பானியர்கள்.

44 கிலோவுக்கு மேல் எடை கொண்ட பாலூட்டிகளைப் பேரினம் பேரினமாக எண்ணி, 2004-ல் ஒரு கணக்கு வெளியானது. (புலி, சிங்கம், சிறுத்தை மூன்றும் சேர்ந்து ஒரே பேரினம்தான். அதனால் ஒரு பேரினம் போனால் பல இனங்கள் போனதாகவும் இருக்கலாம்.) ஆஸ்திரேலியாவில் 88 சதவீதம், தென் அமெரிக்காவில் 83, வட அமெரிக்காவில் 72, ஐரோப்பா ஆசியா சேர்ந்த யூரேசியாவில் 36. ஆப்பிரிக்காவில் வெறும் 18.

இந்த வரிசையை இன்னொரு தடவை பாருங்கள். மனித இனம் பிறந்து வளர்ந்த ஆப்பிரிக்காவில் இழப்பு மிகக் குறைவு. மனிதன் திடீரென்று போய் இறங்கிய கண்டங்களில் இழப்பு மிக அதிகம்.

பால் மார்ட்டின் கிளப்பிய சர்ச்சை

இதைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் மார்ட்டின் 1960-களில் ஒரு கருத்தை முன்வைத்தார். 1973-ல் 'சயின்ஸ்' இதழில் அதை விரிவாக எழுதினார். வேட்டைக்காரர்கள் வடக்கிலிருந்து அமெரிக்காவுக்குள் நுழைந்து, மனிதனையே பார்த்திராத விலங்குகளை அலை அலையாகக் கொன்றபடி சில நூற்றாண்டுகளில் தெற்கு வரை போனார்கள் என்பது அவர் வாதம். 'மின்னல் தாக்குதல்' என்றே அதற்குப் பெயர் வந்தது.

கையில் கல் ஈட்டி வைத்திருந்த சில ஆயிரம் பேர் ஒரு கண்டத்தையே காலி பண்ண முடியுமா? இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் இதற்கான விடை வேட்டைக்காரர்களின் வீரத்தில் இல்லை, விலங்குகளின் பிள்ளைப்பேற்றில் இருக்கிறது. யானை 22 மாதம் சுமக்கிறது. ஒரு குட்டி, பிறகு நான்கைந்து ஆண்டு இடைவெளி. மோவா முழு வளர்ச்சி அடையவே பத்து ஆண்டு வரை எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட விலங்குக் கூட்டத்தில் வழக்கமான சாவோடு, ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு கூடுதலாகச் செத்தாலே போதும். ஒரு தலைமுறை மனிதர்களின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சில நூறு ஆண்டுகளில் கூட்டம் தேய்ந்துவிடும். முயலுக்கு இந்தக் கவலையே இல்லை, பத்தைப் பிடித்தால் இருபது பிறக்கும்.

2001-ல் ஜான் அல்ராய் என்ற ஆய்வாளர் இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார். வட அமெரிக்காவின் 41 தாவர உண்ணிகளை எடுத்துக்கொண்டு, சாதாரண அளவு வேட்டையை மட்டும் கணக்கில் சேர்த்தார். எது அழியும், எது பிழைக்கும் என்பதில் 32 இனங்களுக்குக் கணினியின் பதில் உண்மையில் நடந்ததோடு பொருந்தியது. ஆனால் கணினி மாதிரி என்பது 'இப்படி நடந்திருக்க முடியும்' என்று மட்டுமே சொல்லும். நடந்தது என்று சொல்ல, மண்ணில் தடயம் வேண்டும்.

தடயம் எங்கே?

மார்ட்டினை எதிர்த்தவர்கள் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். டொனால்ட் கிரேசன், டேவிட் மெல்ட்சர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வேட்டை நடந்ததாகச் சொல்லப்பட்ட 76 இடங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். பக்கத்தில் கல் ஆயுதம் கிடந்தால் மட்டும் போதாது, கொன்றதற்கோ வெட்டியதற்கோ உறுதியான அடையாளம் வேண்டும் என்பது அவர்கள் வைத்த விதி. தேறியவை 14 மட்டுமே. அதில் 12 மாமூத், இரண்டு அதன் தூரத்து உறவான மாஸ்டடான். மற்ற முப்பதுக்கும் மேற்பட்ட பேரினங்களைக் கொன்றதற்குச் சாட்சி எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். பிறகு குதிரை, ஒட்டகம் போன்ற சிலவற்றுக்கும் ஆதாரம் கிடைத்துப் பட்டியல் கொஞ்சம் நீண்டது. ஆனாலும் ராட்சத ஸ்லாத், கிளிப்டோடான் போன்றவற்றுக்கு வட அமெரிக்காவில் இன்றும் உறுதியான வேட்டைத் தடயம் இல்லை.

இது வலுவான வாதம். ஆனால் எதிர்த் தரப்பு ஒரு கேள்வியால் இதைத் திருப்பியது. 14 என்பது உண்மையிலேயே குறைவா? ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் மனிதன் பல லட்சம் ஆண்டுகள் யானையோடு வாழ்ந்திருக்கிறான். அங்கே கிடைத்த யானை வேட்டைத் தடயங்களை அந்த நீண்ட காலத்தால் வகுத்துப் பாருங்கள். சில நூற்றாண்டுகளே நீடித்த க்ளோவிஸ் பண்பாட்டுக் காலத்தில் (சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன்பு) 14 கிடைத்திருப்பது அதைவிடப் பெரிய விகிதம்.

2024-ல் இன்னொரு சாட்சி வந்தது. மொன்டானாவில் சுமார் 12,800 ஆண்டுகளுக்கு முன்பு புதைக்கப்பட்ட ஒன்றரை வயதுக் குழந்தையின் எலும்பில் உள்ள வேதியியல் அளவுகளை வைத்து, அதற்குப் பால் கொடுத்த தாய் என்ன சாப்பிட்டிருப்பாள் என்று கணக்கிட்டார்கள். அவள் உணவில் சுமார் 40 சதவீதம் மாமூத் இறைச்சி என்றது விடை. ஒரே ஒரு பெண்ணின் சாப்பாடுதான், ஒரு சமூகத்தின் சாப்பாடு ஆகிவிடாது. ஆனால் மாமூத் இறைச்சி எப்போதாவது கிடைத்த விருந்து என்ற நினைப்பு இதன் பிறகு நிற்பது கடினம்.

மின்னல் வேகம் என்பதுதான் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பண்ணை நிலத்தில் 1977-ல் கிடைத்த மாஸ்டடானின் விலா எலும்பில், எலும்பால் செய்த ஈட்டி முனை ஒன்று குத்தி நிற்கிறது. அதன் வயது 13,800 ஆண்டுகள், க்ளோவிஸ் மக்களுக்கு முன்பே. நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில் கிடைத்த மனிதக் காலடித் தடங்கள் இன்னும் பழையவை. 2021-ல் அவற்றுக்கு 21,000 முதல் 23,000 ஆண்டு வயது என்று அறிவித்தபோது, விதைகளை வைத்துக் கணித்தது தவறாகலாம் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். நீர்த்தாவரங்கள் பழைய கார்பனை உறிஞ்சி வயதைக் கூட்டிக் காட்டுவதுண்டு. பிறகு மகரந்தத் துகளை வைத்தும், மணல் கடைசியாக வெயில் பார்த்த காலத்தை வைத்தும் 2023-ல் சோதித்தார்கள். அதே விடை வந்தது. அப்படியானால் மனிதனும் மாமூத்தும் அமெரிக்காவில் பல ஆயிரம் ஆண்டுகள் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். வந்தான், கொன்றான், முடிந்தது என்ற கதை அப்படியே எடுபடாது.

அதே ஒயிட் சாண்ட்ஸில் ஒரு ராட்சத ஸ்லாத்தின் காலடிக்குள்ளேயே மனிதனின் காலடி பதிந்திருக்கிறது. யாரோ ஒருவர் அதன் தடத்தில் அடி வைத்துப் பின்தொடர்ந்திருக்கிறார். ஓரிடத்தில் அந்த விலங்கு பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்கையை வீசிச் சுழன்றது போன்ற அடையாளமும் இருக்கிறது. வேட்டையா, விளையாட்டா, கண் தெரியாமல் நடந்ததா? ஆய்வாளர்கள் வேட்டை என்றே நினைக்கிறார்கள். எலும்பு எதுவும் கிடைக்கவில்லை.

சாணம் சொல்லும் தேதி

எலும்பை மட்டும் நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. செத்த விலங்குகளில் ஆயிரத்தில் ஒன்றுகூடக் கல்லாகி நம் கைக்கு வராது. கிடைத்த எலும்புகளில் கடைசியானதை வைத்து 'இந்த ஆண்டில் இனம் அழிந்தது' என்று சொன்னால் தப்பாகிவிடும். அதற்குப் பிறகும் சில ஆயிரம் ஆண்டுகள் அவை வாழ்ந்திருக்கலாம், எலும்பு கிடைக்காமல் போயிருக்கலாம். அரிதான விலங்கு என்றால் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். வட அமெரிக்காவில் அழிந்த பேரினங்களில் சுமார் பாதிக்குத்தான் மனிதர்கள் பரவிய காலம் வரை வாழ்ந்ததற்கு உறுதியான தேதி இருக்கிறது. மற்றவை முன்பே போய்விட்டன என்கிறது ஒரு தரப்பு. எலும்பு போதவில்லை, அவ்வளவுதான் என்கிறது இன்னொரு தரப்பு.

இந்த இடத்தில் கைகொடுத்தது ஒரு பூஞ்சை. ஸ்போரோமியெல்லா என்று பெயர். புல்லோடு சேர்ந்து விலங்கின் வயிற்றுக்குள் போய், சாணத்தோடு வெளியே வந்து, சாணத்திலேயே முளைத்து, மறுபடி பக்கத்துப் புல்லில் போய் ஒட்டிக்கொள்ளும். பெரிய தாவர உண்ணிகள் நிறைய இருந்தால் இதன் வித்துகளும் நிறைய இருக்கும், விலங்கு குறைந்தால் வித்தும் குறையும். காற்றிலும் மழைநீரிலும் அடித்து வரப்பட்டு ஏரிச் சேற்றில் படியும் இந்த வித்துகளை அடுக்கு அடுக்காக எண்ணினால், அந்த ஊரில் எப்போது கூட்டம் கூட்டமாக மேய்ச்சல் நடந்தது, எப்போது நின்றது என்று தெரிந்துவிடும். அதே சேற்றில் மகரந்தமும் கரித்துகளும் இருக்கும். எந்த மரம் வளர்ந்தது, எப்போது காடு எரிந்தது என்பதையும் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கலாம். முன்னது எது, பின்னது எது என்ற சண்டைக்கு இதைவிட நல்ல பஞ்சாயத்து கிடையாது.

2009-ல் ஜாக்குலின் கில் தலைமையிலான குழு இண்டியானா மாநிலத்தின் ஆப்பிள்மன் ஏரியில் இதைச் செய்தது. 14,800 ஆண்டுகளுக்கு முன்பு வித்துகள் குறையத் தொடங்கி, 13,700-க்குள் அடிமட்டத்துக்குப் போயிருந்தன. காட்டின் அமைப்பு மாறியதும், பெருந்தீ பரவியதும் அதற்குப் பிறகுதான். காடு மாறியதால் தீனி இல்லாமல் விலங்குகள் செத்தன என்ற விளக்கம் இந்த ஊருக்குப் பொருந்தவில்லை. 12,900 ஆண்டுகளுக்கு முன்பு பூமி திடீரென்று குளிர்ந்ததே காரணம் என்பதும் அடிபட்டது. குளிர் வருவதற்கு முன்பே விலங்குகள் குறைந்துவிட்டன. வால்நட்சத்திரம் மோதியதாக 2007-ல் கிளம்பிய கதையும் அதே 12,900-ஐத்தான் சொல்கிறது, அதனால் அதுவும் லேட்.

ஆனால் மனிதத் தரப்புக்கும் இது முழு வெற்றி இல்லை. வித்துகள் குறையத் தொடங்கியது க்ளோவிஸ் மக்களுக்கு முன்பு. அதே சமயம் 14,700 ஆண்டுகளுக்கு முன்பு வடக்குப் பகுதி வேகமாகச் சூடேறத் தொடங்கியதும் இந்தக் காலத்தோடு ஒட்டியே வருகிறது.

கருகிய முட்டை ஓடு

ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்வி வேறு மாதிரி நிற்கிறது. அங்கே பெரிய விலங்குகள் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டன. பனியுகத்தின் உச்சக் குளிர் வந்தது அதற்கு ஏறக்குறைய 20,000 ஆண்டுகள் கழித்து. காலநிலையைக் குற்றம் சாட்ட, நேரம் ஒத்துவரவில்லை. அதே சமயம், மனிதன் கொன்றதாக யாரும் மறுக்க முடியாத ஒரு வேட்டைக் களம்கூட அங்கே கிடைத்ததில்லை. கார்பனை வைத்து வயது பார்க்கும் முறையும் 50,000 ஆண்டுகளை நெருங்கும்போது தடுமாறும். 5,730 ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கார்பன் பாதியாகிக்கொண்டே வருவதால், அவ்வளவு காலம் போன பிறகு அளப்பதற்கு ஏதும் மிஞ்சாது.

இங்கேதான் முட்டை ஓடு வருகிறது. ஜெனியோர்னிஸ் என்ற 200 கிலோ எடையுள்ள பறக்காத பறவையின் ஓடுகளை கிஃபோர்ட் மில்லர் குழுவினர் ஆண்டுக்கணக்கில் பொறுக்கினார்கள். பல இடங்களில் ஓடு கருகியிருந்தது, ஆனால் சமமாகக் கருகவில்லை. ஒரு முனை கறுப்பு, இன்னொரு முனையில் சூடுபட்ட அடையாளமே இல்லை. காட்டுத்தீயில் சிக்கிய முட்டை இப்படி இருக்காது. கங்கின் மேல் வைத்த முட்டைதான் இப்படி ஒரு பக்கம் கருகும். அதாவது யாரோ சுட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். 2016-ல் வெளியான இந்த ஆய்வு, அந்த ஓடுகள் சுமார் 47,000 ஆண்டு பழையவை என்றது.

உடனே மறுப்பு வந்தது. ஓடு மெல்லியதாக இருக்கிறது, இது ஜெனியோர்னிஸ் முட்டையே இல்லை, வேறொரு சிறிய பறவையின் முட்டை என்றார்கள் சிலர். அந்தச் சண்டை 2022 வரை போனது. ஓட்டுக்குள் பதுங்கியிருந்த புரதத்தைப் பிரித்து, இன்றைய பறவைகளோடு ஒப்பிட்டதில், மறுப்பாளர்கள் சொன்ன பறவையோடு அது பொருந்தவில்லை. ஜெனியோர்னிஸ்தான் என்பதே இப்போதைக்கு வலுவான முடிவு. ஒரு பறவையை அழிக்க அதைத் துரத்திப் பிடிக்கக்கூட வேண்டியதில்லை, முட்டையை எடுத்தாலே போதும் என்பது இதில் இருக்கும் விஷயம். ஈட்டி குத்திய எலும்பைத் தேடுபவர்களுக்கு இந்த மாதிரி வேட்டை கண்ணில் படவே படாது.

குயின்ஸ்லாந்தின் லிஞ்ச்ஸ் கிரேட்டர் என்ற பழைய எரிமலைப் பள்ளத்தின் சேறும் இதே திசையைக் காட்டுகிறது. சாணப் பூஞ்சை 41,000 ஆண்டுகளுக்கு முன்பு சரிகிறது. அதன் பிறகு கரித்துகள் கூடுகிறது. மேய ஆளில்லாமல் புல்லும் புதரும் காய்ந்து குவிந்து, தீக்கு விறகாகியிருக்கிறது. தீ விலங்குகளை அழிக்கவில்லை, விலங்குகள் போனதால் தீ வந்தது. மனிதன் ஆஸ்திரேலியாவுக்கு எப்போது வந்தான் என்பதில் 50,000 என்றும் 65,000 என்றும் இழுபறி இருக்கிறது. 65,000 சரி என்றால், அங்கேயும் நீண்ட காலம் ஒன்றாக வாழ்ந்த பிறகே அழிவு வந்திருக்கிறது.

காலநிலைக்காகப் பேசுபவர்கள்

காலநிலைத் தரப்பின் பலமான சாட்சி கம்பளிக் காண்டாமிருகம். வடகிழக்கு சைபீரியாவில் கிடைத்த உடல்களின் மரபணுவை வைத்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியானது. அந்தப் பகுதிக்கு மனிதர்கள் 30,000 ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார்கள். ஆனால் காண்டாமிருகங்களின் எண்ணிக்கை 18,500 ஆண்டுகளுக்கு முன்பு வரை குறையவில்லை. வேட்டையே காரணம் என்றால் முன்பே சரிந்திருக்க வேண்டும். சரிவு வந்தது அதற்குப் பிறகு, பூமி வேகமாகச் சூடேறிப் பனிப் புல்வெளி ஈரப் புதர்க்காடாக மாறிய காலத்தில்.

ஆனால் இந்தத் தரப்பால் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது. பனியுகம் வருவதும் போவதும் புதிதில்லை. கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் ஏறக்குறைய லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை இது நடந்திருக்கிறது. சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன்பு ஆர்க்டிக் பகுதி இன்றைவிட வெப்பமாகவே இருந்தது. அப்போதெல்லாம் மாமூத்கள் வடக்கே ஒதுங்கிப் பிழைத்து, குளிர் திரும்பியதும் மறுபடி பரவின. கடைசித் தடவை மட்டும் ஏன் முடியவில்லை? ஒவ்வொரு தடவையும் மாற்றம் ஒரே மாதிரி இல்லை என்ற பதில் சொல்லப்படுகிறது. ஆனால் எல்லாக் கண்டத்துக்கும் அந்த ஒரு பதில் போதாது.

இன்னொரு விஷயமும் இடிக்கிறது. 2018-ல் ஃபெலிசா ஸ்மித் குழுவினர் கடந்த 6.5 கோடி ஆண்டுகளின் பாலூட்டிகளைப் பார்த்தபோது, காலநிலை மாறிய காலங்களில் பெரியது சிறியது என்ற வித்தியாசமே இல்லாமல் இனங்கள் அழிந்திருந்தன. பெரிய உடம்புள்ளவை மட்டும் பொறுக்கி எடுத்தது போல அழிவது மனித இனம் பரவிய காலத்தில், பரவிய இடத்தில் தொடங்குகிறது. குளிருக்கும் வெயிலுக்கும் இறைச்சியின் எடை பார்க்கும் பழக்கம் கிடையாது.

ஆதாரங்களை எடை போட்டால் தராசு மனிதன் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் மார்ட்டின் சொன்ன மாதிரி இல்லை. காலநிலை ஒரு கூட்டத்தைச் சிறு சிறு திட்டுகளாகப் பிரிக்கும். அந்தத் திட்டுகள் மறுபடி பெருகுவதற்கு முன்பு மனிதன் அங்கே போய்விடுவான். முன்பெல்லாம் பதுங்கிப் பிழைத்த இடம் இந்தத் தடவை பாதுகாப்பாக இல்லை. பல கண்டங்களுக்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. செயின்ட் பால் மாதிரி சில இடங்களுக்குப் பொருந்தாது.

நம்ம யானை எப்படித் தப்பித்தது?

இந்தியத் துணைக்கண்டத்திலும் இழப்பு இருந்தது. இன்றைய யானையைவிடப் பெரிதான, நேர்த் தந்தம் கொண்ட பேலியோலோக்சோடான் நமாடிகஸ் இங்கே வாழ்ந்தது. நர்மதை ஆற்றின் பெயரால்தான் அதற்கு அந்தப் பெயர். ஸ்டெகோடான் என்ற இன்னொரு யானை உறவும், நீர்யானையும், ஒரு குதிரை இனமும் அழிந்தன. ஆம், இந்தியாவில் நீர்யானை இருந்தது.

ஆனால் 2021-ல் அத்வைத் ஜுகர் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒப்பிட்டால் இங்கே இழப்பு மிகவும் குறைவு. அதுவும் மெதுவாகவே நடந்திருக்கிறது. ஆசிய யானை, காண்டாமிருகம், காட்டெருமை, புலி எல்லாம் தப்பின. காரணமாக அவர்கள் சொல்வது, இங்கே மனித மூதாதையர்கள் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக இருந்திருக்கிறார்கள் என்பது. கல்லைத் தட்டி ஆயுதம் செய்யப் பழகிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே மனிதனைப் பார்த்துப் பார்த்து, இரண்டு கால் பிராணி வந்தால் ஒதுங்க வேண்டும் என்று இந்த விலங்குகள் பழகிக்கொண்டன. ஆப்பிரிக்க விலங்குகளுக்கும் அதே கதைதான். நியூசிலாந்து மோவாவுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

பழி யார் மேல் விழுகிறது?

இது வெறும் எலும்புச் சண்டை என்று நினைத்தால் தவறு. அமெரிக்கப் பழங்குடிகளின் முன்னோர்தான் ஒரு கண்டத்தின் விலங்குகளை அழித்தார்கள் என்று சொல்லும்போது, அந்தப் பேச்சு இன்றைய மனிதர்கள் மேல் வந்து விழுகிறது. ஸ்டாண்டிங் ராக் சூ இனத்தைச் சேர்ந்த எழுத்தாளர் வைன் டிலோரியா 1995-ல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கோட்பாட்டைக் கடுமையாகத் தாக்கினார். நிலத்தைப் பிடுங்கியவர்கள் இப்போது பழியையும் எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்பது அவர் பக்கத்து ஆதங்கம். அறிவியலாக அவர் சொன்ன பல விஷயங்கள் நிற்கவில்லை. ஆனால் அந்த ஆதங்கத்தைத் தள்ளிவிட முடியாது. அதே வேலையை வந்த இடத்திலெல்லாம் எல்லா இனத்து மனிதர்களும் செய்திருக்கிறார்கள். ஐரோப்பியர்கள் 1741-ல் முதன்முதலாகப் பார்த்த ஸ்டெல்லர் கடற்பசு 1768-க்குள் தீர்ந்துபோனது. 27 ஆண்டுகள்தான்.

இன்னும் மூடாத வழக்கு

சைபீரியாவுக்கு வடக்கே ரேங்கல் தீவில்தான் உலகின் கடைசி மாமூத்கள் வாழ்ந்தன. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை. எகிப்தில் கிசாவின் பெரிய பிரமிடு கட்டி முடிந்து அப்போது சில நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து, பரம்பரைக் குறைபாடு கூடிக் கூடி அவை மெதுவாக அழிந்தன என்று பல காலம் நம்பப்பட்டது.

2024-ல் அந்தக் கதையும் மாறியது. 21 மாமூத்களின் மரபணுவைப் பார்த்ததில், தீவில் மாட்டிக்கொண்ட கூட்டம் ஒரு கட்டத்தில் எட்டுப் பேர் அளவுக்குச் சுருங்கியிருந்தது தெரிந்தது. அங்கிருந்து 20 தலைமுறைக்குள் 200, 300 என்று பெருகி, 6,000 ஆண்டுகள் அதே எண்ணிக்கையில் நிலையாக வாழ்ந்திருக்கிறது. மரபணுக் குறைபாடுகள் இருந்தன, ஆனால் உயிரைப் பறிக்கும் அளவு மோசமானவை மெல்ல மெல்ல வடிகட்டப்பட்டிருந்தன. பிறகு ஏதோ ஒன்று திடீரென்று நடந்து, கூட்டமே இல்லாமல் போயிருக்கிறது.

மனிதனா? தீவில் கிடைத்த மிகப் பழைய மனிதத் தடயம் சுமார் 3,600 ஆண்டு பழையது, கடைசி மாமூத்துக்குச் சில நூறு ஆண்டுகள் பிந்தையது. நோயா, புயலா, ஒரு மோசமான குளிர்காலமா? அந்தக் கடைசி 300 ஆண்டுகளைச் சேர்ந்த எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அவற்றின் மரபணுவைப் படிப்பதுதான் அடுத்த வேலை என்கிறார்கள் ஆய்வாளர்கள்.